பித்தளையின் சாட்சியம்

அமெரிக்காவில் வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும் போகிறவர்களில் பலர் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிச் சேர்த்து, வீட்டுக் கொட்டகையில் மேசை போட்டு, தாங்களே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். தீ மூட்டி முடித்த பழைய பிரைமரை, அதாவது அடிப்பக்கத்தின் நடுவில் பதிந்திருக்கும் சிறு தீமூட்டியை, தட்டி எடுப்பது, கூட்டை அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது, புதுப் பிரைமரைப் பதிப்பது, வெடிமருந்தைத் தராசில் நிறுத்துக் கொட்டுவது, குண்டை மேலே வைத்து அழுத்துவது. ரீலோடிங் என்பார்கள். காசு மிச்சமாகும் என்று தொடங்குகிறவர்கள், தங்கள் ரைஃபிளுக்கு எது பொருந்துகிறது என்று தேடுவதில் மனம் பிடித்துப்போய் அதிலேயே தங்கிவிடுகிறார்கள்.

அவர்கள் ஒரு புதுக் கலவையைச் சோதிக்கும்போது கவனித்துப் பாருங்கள். தோட்டா வெடித்ததும், குண்டு இலக்கில் எங்கே பட்டது என்று பார்ப்பதற்கு முன்னால், ரைஃபிளின் பின்பக்கத்தை மூடிப் பூட்டும் போல்ட்டைத் திறந்து கூட்டை எடுத்து அதன் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். விரல் நகத்தால் பிரைமரின் விளிம்பைத் தடவுவார்கள். உள்ளே எழுந்த அழுத்தம் அளவு மீறியதா என்பதை அந்தச் சிறிய பித்தளை வட்டத்திடம் கேட்கிறார்கள்.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடுக்கிறது. ஆகவே இது நம்மில் பெரும்பாலோர் கைபடாத வேலை. உலோகச் சோதனைக்கூடத்தில் காலத்தைக் கழித்த எனக்கோ அந்தப் பார்வை மிக நெருக்கமானது. பொருளின் மேல் விழுந்த தடத்தை வைத்து, கண்ணுக்குத் தெரியாமல் வந்துபோன விசையைப் பற்றிச் சொல்வதுதான் என் தொழிலும். தடம் பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொல்கிறது என்று நாம் எப்படி நம்புகிறோம்? ரீலோடிங் செய்கிறவர்களின் பித்தளை இந்தக் கேள்வியை எனக்குத் தெளிவாக்கியதுபோல் வேறெந்தப் பொருளும் ஆக்கவில்லை.

முதலில் உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊசி அடித்துப் பிரைமர் தீப்பற்றியதும் மருந்து எரிகிறது. ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழப் பாதி நேரத்துக்குள் அழுத்தம் உச்சியைத் தொடுகிறது. அதற்குள் குண்டு சில சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். .30-06 என்ற பழைய, பெயர்பெற்ற தோட்டாவுக்கு அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலின் தர அமைப்பான சாமி விதித்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. இந்த அழுத்தத்தில் கூட்டின் சுவர் விரிந்து ரைஃபிளின் அறைச்சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டுவதால்தான் தீயும் வாயுவும் பின்னால், சுடுகிறவர் முகத்துக்கு வராமல் தடுக்கப்படுகின்றன. வாயுவை அடைப்பது பித்தளை. அழுத்தத்தைத் தாங்குவது எஃகு. இந்த வேலைப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வரும் எல்லாமே இதைப் பொறுத்தவை.

அழுத்தம் இறங்கியதும் இரண்டும் சுருங்குகின்றன. எஃகு தன் மீள்திறனுக்குள்ளேயே விரிந்தது, ஆகையால் முழுக்கத் திரும்பி வருகிறது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளையோ அறையை நிரப்புவதற்காகக் கொஞ்சம் நிரந்தரமாகவே விரிந்துவிட்டது. அதற்கு மேல் விரிந்த சிறு அளவு மட்டும் சுருங்கும். அந்தச் சிறு சுருக்கத்தால்தான் கூடு வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. அழுத்தம் ஏற ஏற எஃகு இன்னும் கூடுதலாக விரிகிறது. ஒரு கட்டத்தில் எஃகு திரும்பி வரும் தூரம் பித்தளை சுருங்கும் தூரத்தைத் தாண்டிவிடுகிறது. அப்போது திரும்பி வரும் அறைச்சுவர் கூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கினால் வராது, உள்ளங்கையால் தட்டி எழுப்ப வேண்டியிருக்கும். அறிகுறிகளில் நான் மதிப்பது இதை. இது இரண்டு உலோகங்களுக்கு இடையில் நடந்த கணக்கின் நேரடி விளைவு. அறையில் அழுக்கோ சொரசொரப்போ இருந்தாலும் போல்ட் இறுகும் என்பது உண்மைதான். ஆனால் சுத்தமான ரைஃபிளில், முந்தின தோட்டாவரை எளிதாகத் திறந்த போல்ட் திடீரென்று இறுகினால் அதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. அங்கேயே நிறுத்த வேண்டும்.

எல்லோரும் முதலில் பார்ப்பது பிரைமரை. அதன் விளிம்பு இயல்பாகவே சற்று உருண்டிருக்கும். அழுத்தம் மிகுந்தால் தட்டையாகி, குழியின் ஓரம்வரை பரவிவிடும். ஊசி பட்ட பள்ளத்தைச் சுற்றி உலோகம் எரிமலை வாய்போல் எழும்பி நிற்கலாம். இன்னும் மோசமானால் பள்ளத்திலேயே துளை விழுந்து வாயு பின்னால் பீறிடும். புத்தகங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் அடையாளங்கள் இவை. ஆனால் பிரைமரின் கிண்ணம் செய்யும் உலோகம் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறு. ஒன்று மென்மை, ஒன்று கடினம். மென்மையான கிண்ணம் சாதாரண அழுத்தத்திலும் தட்டையாகும், கடினமானது ஆபத்தான அழுத்தத்திலும் உருண்டே நிற்கும். ஊசித் துளை சற்று அகன்ற ரைஃபிளில் எந்தத் தோட்டாவைச் சுட்டாலும் பள்ளத்தைச் சுற்றி விளிம்பு எழும்.

இன்னொரு காரணமும் உண்டு. வெடித்த கணத்தில் பிரைமர் தன் குழியிலிருந்து கொஞ்சம் பின்னால் நகர்ந்து போல்ட்டின் முகத்தில் மோதுகிறது. அதன் பிறகுதான் கூடு முழுவதும் நீண்டு பின்னால் வந்து பிரைமரை மறுபடி உள்ளே தள்ளுகிறது. கூட்டின் அடிக்கும் போல்ட்டுக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் பிரைமர் அதிகம் வெளியே வந்து, தலை பரந்து, திரும்ப நசுங்கும். பார்ப்பவருக்கு அது அழுத்தத்தால் தட்டையானதுபோலவே தெரியும். கூட்டை அச்சில் அளவுக்கு மீறி அழுத்தி, கழுத்துக்குக் கீழே சரியும் தோளைப் பின்னால் தள்ளிவிட்ட ஒருவர், மருந்து கூடிவிட்டதோ என்று குழம்புவது இதனால்தான்.

கூட்டின் அடித்தட்டில் ஒரு பளபளப்பான வட்டம் தெரிந்தால் அது இன்னும் கனமான செய்தி. கூட்டை வெளியே தள்ளுவதற்காகப் போல்ட் முகத்தில் ஒரு சிறு தண்டு, அதற்கென்று ஒரு துளை இருக்கும். அழுத்தம் மீறும்போது அடித்தட்டின் பித்தளை அந்தத் துளைக்குள் பிதுங்கி, போல்ட்டைத் திருப்பும்போது தேய்ந்து மின்னுகிறது. கூட்டில் தடிப்பான இடம் அடிப்பகுதி. அது இடம்பெயர்ந்திருக்கிறது என்றால் பித்தளை தன் நெகிழ்வெல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். பிரைமர் குழி தளர்வதும் இதே வகை. இரண்டு மூன்று முறை நிரப்பியதற்குள்ளேயே புதுப் பிரைமர் எதிர்ப்பில்லாமல் உள்ளே போனால், அந்த அழுத்தம் ஒவ்வொரு முறையும் அடிப்பகுதியை விரித்துக்கொண்டே வந்திருக்கிறது.

இத்தனையும் பித்தளையின் எல்லையைப் பற்றிய செய்திகள். துப்பாக்கியின் எல்லை வேறு. இந்த இடத்தில்தான் எவ்வளவோ அனுபவசாலிகளும் வழி தவறுகிறார்கள் என்று நான் நினைக்கிறேன். இன்றைய நல்ல கூடு வாய் திறப்பது பொதுவாக 65,000, 70,000 பவுண்டு வாக்கில், சில சமயம் அதற்கும் மேலே. 62,000 வரம்புள்ள .308 வின்செஸ்டரில் போல்ட் இறுகும்போது வரம்பு ஏற்கெனவே தாண்டியாகிவிட்டது. இருந்தாலும் அங்கே எல்லைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. எச்சரிக்கை தாமதமாக வந்தாலும் வருகிறது. 1873இல் அமெரிக்க இராணுவம் ஏற்ற .45-70க்கு வரம்பு 28,000 தான். அந்தக் காலத்து ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில், கீல் வைத்த கதவுபோல் மேலே திறக்கும் பின்பகுதி அதற்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. அதே தோட்டாவின் கூடு இன்றைய வலுவான ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களில் அதைவிடப் பல ஆயிரம் பவுண்டு கூடுதலாகத் தாங்கிக்கொண்டு அழகாக வெளியே வருகிறது. பழைய ரைஃபிளில் 40,000 ஏறினாலும் பிரைமர் உருண்டே இருக்கும், அடித்தட்டில் மினுமினுப்பு இருக்காது, எல்லாம் சரி என்றே பித்தளை சொல்லும். ஒரு குக்கருக்கென்று செய்த விசில் குண்டை, அதில் பாதிகூடத் தாங்காத இன்னொரு பாத்திரத்தின் மேல் வைத்துவிட்டு, விசில் வரவில்லையே என்று நிம்மதியாக நிற்பதற்கு ஒப்பானது அது.

இதை அமெரிக்க இராணுவமே பெரும் செலவில் கற்றது. 1892இல் அது தேர்ந்தெடுத்த கிராக்-யோர்கன்சன் ரைஃபிளின் போல்ட்டை ஒரே ஒரு பூட்டுமுனைதான் தாங்கிப் பிடித்தது. 1898இல் கியூபாவில் ஸ்பானியர்களின் 7 மில்லிமீட்டர் மவுசர்களை எதிர்கொண்டு வந்தபின், தங்கள் குண்டு மெதுவாகப் போகிறது என்ற குறை எழுந்தது. 1899இல் மருந்தைக் கூட்டி, வேகத்தை விநாடிக்கு 2,000 அடியிலிருந்து 2,200க்கு உயர்த்தினார்கள். அழுத்தம் ஏறத்தாழ 45,000 ஆனது. தோட்டாக்கள் படைகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், அந்த ஒற்றைப் பூட்டுமுனை கூடுதல் சுமையைத் தாங்காது என்பது தெரியவந்தது. 1900இல், மிச்சமிருந்த 35 லட்சம் தோட்டாக்களைத் திரும்பப் பெற்று, பிரித்து, பழைய அளவுக்கே மறுபடி நிரப்பினார்கள். 45,000 என்பது நல்ல பித்தளை முகம் சுளிக்காத அளவு. எஃகுக்குள் நடப்பதை அது எப்படிச் சொல்லும்? பூட்டுமுனையின் மூலையில் தொடங்கும் மயிரிழை விரிசல் ஒவ்வொரு சூட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நீள்வது உலோகக் களைப்பு. அதற்கும் கூட்டின் அடிக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை. நேற்று தாங்கியது என்பதை வைத்து இன்றும் தாங்கும் என்று முடிவு கட்டவும் அது விடாது.

அறிகுறி படிக்கும் கண்ணைப் பற்றி இன்னொரு வரலாறு உண்டு. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை அதிகம் ஆட்டிவைத்தது அது. அமெரிக்க இராணுவத்தின் படைக்கல அதிகாரியாக இருந்த ஜூலியன் ஹாட்சர் 1947இல் வெளியிட்ட 'ஹாட்சர்ஸ் நோட்புக்' என்ற நூலில் அதை விரிவாக எழுதியிருக்கிறார்.

கிராக்குக்கு அடுத்து வந்தது 1903ஆம் ஆண்டின் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள். 1917இல், முதல் உலகப் போருக்காக உற்பத்தி உச்சத்தில் இருந்தபோது, சில ரைஃபிள்கள் சுடும்போதே சிதறின. சில தோட்டாக் கூடுகளின் அடிப்பகுதி மென்மையாக இருந்து கிழிந்ததும், வாயு பின்னால் பாய்ந்ததும் ஒரு காரணம். ஆனால் நல்ல எஃகு அந்த அடியில் வளைந்திருக்கும், பிளந்திருக்கும்; கண்ணாடிபோல் துண்டு துண்டாகப் போயிருக்காது. ஏன் இப்படி நொறுங்குகிறது என்று தேடிப் போனவர்கள் உலைக்களத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அடிப்பதற்கு எஃகு போதுமான அளவு சூடேறிவிட்டதா என்பதை அங்கிருந்த மூத்த கைவினைஞர்கள் அதன் நிறத்தைப் பார்த்தே சொல்லிவந்தார்கள். வெப்பமானி வைத்து அளந்து பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில், அவர்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த நிறம், மேகம் மூடிய நாளின் அதே நிறத்தைவிட 300 பாரன்ஹீட் பாகைவரை கூடுதல் சூடு. வெளிச்சத்தில் தணல் மங்கித் தெரிகிறது; மங்கலாகத் தெரிந்ததால் இன்னும் சூடேற்றியிருக்கிறார்கள்; எஃகு கருகியிருக்கிறது.

அந்தக் கைவினைஞர்களிடம் குறை காண எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கண்ணில் பழுதில்லை, அனுபவத்தில் பஞ்சமில்லை, அக்கறையிலும் குறைவில்லை. அவர்கள் படித்த அறிகுறி வெப்பத்தை மட்டும் சொல்லவில்லை, சன்னலுக்கு வெளியே இருந்த வானத்தையும் சேர்த்துச் சொன்னது. கண்ணுக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. பிறகு உலைகளுக்கு வெப்பமானிகள் வந்தன, சூடேற்றிப் பதப்படுத்தும் முறையே மாறியது. ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையில் 8,00,000க்குக் கீழும், ராக் ஐலண்டு சாலையில் 2,85,507க்குக் கீழும் வரிசை எண் கொண்ட ரைஃபிள்களைச் சுட வேண்டாம் என்று இன்றும் சொல்கிறார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்டவை அவை. எது வெயில் நாளில் அடிக்கப்பட்டது, எது மழைநாளில் அடிக்கப்பட்டது என்று வெளியே பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

வெளித்தோற்றம் மறுபக்கமாகவும் ஏமாற்றும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பி. ஓ. ஆக்லி என்ற துப்பாக்கிச் சிற்பி, பல நாடுகளின் இராணுவ ரைஃபிள்களை எடுத்து, மருந்தைப் படிப்படியாகக் கூட்டிச் சிதறும்வரை சோதித்தார். மலிவானது, முரட்டு வேலை என்று அமெரிக்கர்கள் ஒதுக்கிய ஜப்பானின் அரிசாகாதான் எல்லாவற்றையும்விடக் கடைசிவரை நின்றது.

மருந்து கூடாமலே அழுத்தம் ஏறலாம் என்பதற்கு 1921இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். அக்காலக் குண்டுகளின் வெள்ளைச்செம்பு உறை குழலுக்குள் கட்டிகட்டியாகப் படிந்ததால், சுடுகிறவர்கள் குண்டைக் கிரீஸில் தோய்த்துச் சுடுவார்கள். படிவைத் தடுக்க, பிலடெல்பியாவின் ஃபிராங்க்ஃபர்டு படைக்கலச் சாலை அந்த ஆண்டின் தேசியச் சுடும் போட்டிக்காக வெள்ளீயம் பூசிய குண்டுகளைச் செய்தது. கிரீஸ் தேவையே இல்லை, போடவும் கூடாது. பழக்கம் விடுமா? சிலர் போட்டார்கள். வெள்ளீயம் நாளாவட்டத்தில் கூட்டின் கழுத்தோடு பற்றவைத்ததுபோல் ஒட்டியிருந்தது. கழுத்து விரிந்தால்தான் குண்டு விடுபடும். கழுத்துக்கும் அறைச்சுவருக்கும் இடையே இருந்த இம்மியளவு இடத்தைக் கிரீஸ் நிரப்பிக்கொண்டது. கழுத்தால் விரிய முடியவில்லை. மருந்து ஒரு துகள்கூடக் கூடவில்லை, அழுத்தம் மட்டும் எகிறியது. இன்றைய வீட்டு மேசையிலும் இதே விபத்து வேறு வடிவத்தில் காத்திருக்கிறது. பலமுறை சுட்டு நீண்டுபோன கூட்டின் கழுத்தை வெட்டிக் குறைக்காமல் விட்டால், அது அறையின் முனையில் இடுக்கிக்கொண்டு குண்டை விடாது. தராசு சரியாகவே காட்டியிருக்கும்.

சரி, அளந்துவிட்டால் தீர்ந்ததா? அளவு கருவியும் ஒரு சாட்சிதான். 1860களில் நியூகாசிலின் ஆர்ம்ஸ்ட்ராங் தொழிற்சாலையில் ஆண்ட்ரூ நோபிள் பயன்படுத்திய முறை நூறாண்டுக்கு மேல் நிலைத்தது: குழலில் துளையிட்டு, அதில் ஒரு சிறு தண்டை வைத்து, தண்டின் மேல் ஒரு செம்பு உருளையை வைப்பது. அழுத்தம் தண்டைத் தள்ளும், செம்பு நசுங்கும், எவ்வளவு நசுங்கியது என்று அளந்து அட்டவணையில் பார்ப்பார்கள். செம்புக்கு நசுங்க நேரம் வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் ஏறி இறங்கும் உச்சத்தை அது முழுதாகப் பிடிப்பதில்லை. அழுத்தும்போது மின்னூட்டம் தரும் படிகங்களை வைத்து அளக்கத் தொடங்கிய பிறகுதான் இது வெளிச்சமானது. செம்பில் 50,000 காட்டிய .30-06க்குப் படிகத்தில் 60,000 வரம்பு. .270 வின்செஸ்டருக்கும் .308க்கும் செம்பு ஒரே வரம்பைத்தான் தந்தது: 52,000. படிகத்தின் கணக்கில் ஒன்றுக்கு 65,000, மற்றதற்கு 62,000. அந்த வேறுபாடு செம்புக்குத் தெரியவே இல்லை. பழைய புத்தகங்கள் செம்பு காட்டிய எண்ணையே சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று அச்சிட்டுவந்தன. இராணுவத்தின் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு 50,000, கடையில் விற்கும் .308க்கு 62,000 என்று படித்துவிட்டு, இரண்டுக்கும் இடையில் மலையளவு வித்தியாசம் இருப்பதாக இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. இரண்டு வெவ்வேறு சாட்சிகளின் வாக்குமூலங்களை ஒரே மொழி என்று எடுத்துக்கொண்டதன் விளைவு அது.

வீட்டில் நிரப்புகிறவரிடம் படிகமும் இல்லை, செம்பும் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் புரூஸ் ஹாட்ஜ்டன் போன்றவர்கள் இராணுவத்தில் மிச்சமான மருந்தை மலிவாக விற்றபோது, 20 மில்லிமீட்டர் பீரங்கிக்காகச் செய்த மருந்துகூட வேட்டை ரைஃபிள்களுக்குள் வந்தது. புது மருந்துகளுக்குப் போதுமான அட்டவணைகள் இல்லை. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போ, பிரைமர் தட்டையானால் ஒரு படி இறங்கு என்ற வழக்கம் அந்தப் பற்றாக்குறையில் வேரூன்றியது. அதைச் செம்மைப்படுத்த முயன்றவர்களில் கென் வாட்டர்ஸ் முக்கியமானவர். 'ஹேண்ட்லோடர்' இதழில் எழுதிவந்த அவர், கூட்டின் அடிக்குச் சற்று மேலே விரியும் வளையத்தை மைக்ரோமீட்டரால் அளந்தார். தொழிற்சாலைத் தோட்டாவைச் சுட்டு வரும் விரிவையும், தன் கலவை தரும் விரிவையும் ஒப்பிடுவது அவர் முறை. ஒழுங்கும் பொறுமையும் உள்ள முறை, வெறுங்கண்ணைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஒரு தொகுதிப் பித்தளைக்கும் அடுத்த தொகுதிக்கும் கடினம் மாறும். ஒரே கூடு இரண்டாம் முறை சுடும்போது இறுகியிருக்கும். அங்குலத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைத் தேடும் இடத்தில் இந்த மாற்றங்கள் சிறியவை அல்ல.

இன்று வீட்டுக்காரரிடம் இருக்கும் கருவிகளில் நான் அதிகம் நம்புவது குரோனோகிராஃபை, குண்டின் வேகத்தை அளக்கும் பெட்டியை. ஆய்வகத்தில் அழுத்தம் அளந்து வெளியிட்ட கையேடு ஒரு மருந்துக்கும் குண்டுக்கும் குழல் நீளத்துக்கும் ஒரு உச்ச வேகம் சொல்கிறது. அதே மருந்து, அதே குண்டு, அதே நீளக் குழல் வைத்திருக்கும் ஒருவருக்கு அதைவிட விநாடிக்கு நூறு அடி கூடுதலாக வந்தால், என் ரைஃபிள் வேகமான ரைஃபிள் என்று பெருமைப்பட ஏதுமில்லை. வேகம் இலவசமாக வருவதில்லை, அழுத்தம்தான் அதைக் கொடுத்திருக்கிறது. பிரைமர் அழகாக உருண்டிருந்தாலும் சரி, போல்ட் வெண்ணெயாய்த் திறந்தாலும் சரி, அந்த எண்ணைத்தான் கேட்க வேண்டும். உச்சத்துக்கு நெருக்கத்தில் மருந்து கொஞ்சம் கூடினாலும் அழுத்தம் அந்த விகிதத்தில் ஏறாது, தாவும். கையேட்டின் தொடக்க அளவில் தொடங்கிச் சிறு படிகளாக ஏறச் சொல்வது அதனால்தான். பிரைமர் மாறினாலும், மருந்தின் டப்பா மாறினாலும், தடித்த சுவருள்ள இராணுவக் கூட்டுக்கு மாறினாலும், குண்டைக் குழலின் வரிகளைத் தொடும்படி முன்னால் தள்ளி வைத்தாலும், மறுபடி கீழிருந்து தொடங்கச் சொல்வதும் அதனால்தான்.

வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நீலகிரியில் அரவங்காடு மருந்து ஆலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்டைட் செய்ய எழுந்தது. நைட்ரோகிளிசரினும் துப்பாக்கிப் பஞ்சும் பெட்ரோலியம் ஜெல்லியும் சேர்ந்த அந்த மருந்து வெயிலில் கிடந்தால் வேகமாக எரியும். இங்கிலாந்தின் தோட்டாத் தயாரிப்பாளர்கள் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பியவற்றில் சிலவற்றுக்கு மருந்தைக் குறைத்தே நிரப்பினார்கள். யானைக்கும் காட்டெருமைக்கும் எதிரே நிற்கும்போது கூடு அறையில் இறுகிக்கொண்டால் அடுத்த தோட்டா கிடையாது. இன்றைய மருந்துகள் சிலவற்றில் இந்தக் குணம் வெகுவாகக் குறைந்திருக்கிறது, எல்லாவற்றிலும் அல்ல. பனிக்காலக் காலையில் ஓர் அறிகுறியும் காட்டாத கலவை, கோடையில் கார் கண்ணாடிக்குக் கீழே கிடந்த பிறகு வேறு கலவை. அறிகுறி தெரியும் விளிம்பில் நின்றுகொண்டு, தெரியவில்லை என்பதால் அங்கேயே இருப்பவருக்கு அந்தக் கோடைக்கு இடம் இல்லாமல் போகிறது.

ஆகவே அறிகுறிகளை ஒதுக்கச் சொல்கிறேனா என்றால், இல்லை. வந்த அறிகுறிக்கு உடனே பணிய வேண்டும், வராத அறிகுறியிடம் அனுமதி கேட்கக் கூடாது. தட்டையான பிரைமருக்கு நூறு சாதாரண விளக்கங்கள் இருக்கலாம். அவற்றைத் தேடுவது சுடுவதை நிறுத்திய பிறகு செய்ய வேண்டிய வேலை. மீதமிருக்கும் தோட்டாக்களைத் தீர்த்துவிட்டுப் போகலாம், அடுத்த முறை குறைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அந்த நேரத்தில் எல்லோருக்கும் வரும். நிரப்பியதில் ஒரு மாலைப்பொழுது போயிருக்கிறது, மருந்து விலை ஏறியிருக்கிறது. அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்காதவர்களையே நான் கைத்திறன் உள்ளவர்கள் என்பேன்.

பிரிப்பதற்கென்று சுத்தியல்போல் ஒரு கருவி இருக்கிறது. தோட்டாவை அதன் தலைக்குள் பொருத்திக் கட்டையில் தட்டினால் குண்டு தன் எடையாலேயே கழன்று வரும், மருந்தும் கூடவே கொட்டும். நாற்பது தோட்டா பிரிப்பதற்குள் கை வலித்துவிடும். இறந்துபோன ஒருவர் நிரப்பிவைத்த தோட்டாப் பெட்டிகள் வீட்டுச் சாமான்களோடு விற்பனைக்கு வருவது அமெரிக்காவில் சாதாரணம். மூடியில் மருந்தின் பெயர், எடை, குண்டு, தேதி எல்லாம் நேர்த்தியான கையெழுத்தில் இருக்கும். அவர் கவனமானவராகவே இருந்திருக்கலாம். ஆனால் அவர் அந்த அளவைக் கண்டடைந்தது வேறொரு ரைஃபிளில், அந்த ஆண்டு வாங்கிய மருந்தில். எந்தக் கூட்டைப் பார்த்து அதை ஒப்புக்கொண்டார் என்பது எழுதியிருக்காது. அந்தத் தோட்டாக்களையும் தட்டிப் பிரிக்கத்தான் வேண்டும். குண்டுகளை வைத்துக்கொள்ளலாம். மருந்தை வைத்துக்கொள்ளக் கூடாது, டப்பாவின் பெயர் உண்மைதானா என்று அறிய வழியில்லை. கூடுகளை வைத்துக்கொள்ளலாம், அதுவும் பிரைமர் குழி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு.